அரேயை டிக்ஷனரி மாதிரி நடக்க வைப்பது: எந்த வழி, எதுவரை

ஒரு லைப்ரரியில் சொந்தமாக ஓர் அரே வகை (இன்டெக்ஸ் என்ற இட எண் கொடுத்து மதிப்பை எடுக்கிற வரிசை) வைத்திருந்தால், அதை டிக்ஷனரியோடு (கீ என்ற பெயர் கொடுத்து மதிப்பை எடுக்கிற வகை) ஒப்பிட்டு இந்தக் கோரிக்கை எப்படியும் வந்து சேரும்: "டிக்ஷனரியில் 'கெட்' என்று கூப்பிட்டால், கீ இல்லாத இடத்தில் டீஃபால்ட் மதிப்பைக் கொடுத்துவிடுகிறது, உங்கள் அரேயில் மட்டும் ஏன் எரர்?" கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இன்டெக்ஸும் ஒரு வகையில் கீதானே. பைத்தானின் லிஸ்ட்டுக்கு 'கெட்' வேண்டும் என்று பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தேவை பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டேட்டாவில்தான் வருகிறது. ஜேசானில் (நிரல்கள் டேட்டாவைப் பரிமாறிக்கொள்கிற எழுத்து வடிவம்) ஒரு பதில் வருகிறது. அதில் ஆர்டர்கள் என்று ஒரு கீ, அதற்குள் ஒரு பட்டியல், பட்டியலின் முதல் உறுப்புக்குள் வாடிக்கையாளர், அவருக்குள் மின்னஞ்சல். இந்தப் பாதையில் இறங்கிப் போக ஒரு ஃபங்ஷன் எழுதினால், ஒவ்வொரு படியிலும் இது டிக்ஷனரியா அரேயா என்று பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது, ஒரு பக்கம் கீ இல்லை என்ற எரர், மறுபக்கம் இன்டெக்ஸ் எல்லை தாண்டியது என்ற எரர். பைத்தானில் இந்த இரண்டு எரருக்கும் லுக்கப்எரர் என்று ஒரு பொதுத் தாய் வகுப்பாவது இருக்கிறது. பல மொழிகளில் அதுவும் கிடையாது. ரூபி 2015இல் வந்த 2.3 பதிப்பில் இப்படிப் பாதையில் இறங்கிப் போய் எடுக்கிற 'டிக்' என்ற மெத்தடை அரேக்கும் ஹாஷுக்கும் (ரூபியின் டிக்ஷனரி) ஒரே மாதிரி கொடுத்து இந்த ஒரு தேவையை அழகாகத் தீர்த்தது.

ஆனால் கோரிக்கை அதோடு நிற்பதில்லை. கெட் கொடுத்தால் கீகளின் பட்டியல் தருகிற 'கீஸ்' கேட்பார்கள், அப்புறம் கீ-மதிப்பு ஜோடிகள் தருகிற 'ஐட்டம்ஸ்', அப்புறம் கீ இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி, கடைசியில் கீயைக் கொடுத்து நீக்குவது. இதில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: வாசிக்கிற பக்கத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம், ஏற்கெனவே இருக்கிற இடத்தில் மதிப்பை மாற்றுவதையும் கொடுக்கலாம், நீக்குவதையும் புதிதாகச் சேர்ப்பதையும் டிக்ஷனரி முகத்தோடு அரேக்குக் கொடுக்கவே கூடாது.

காரணம் இதுதான். டிக்ஷனரியின் கீ ஒரு பொருளின் அடையாளம். அரேயின் இன்டெக்ஸ், அந்தப் பொருள் இப்போதைக்கு நிற்கிற இடம். வரிசையில் முன்னால் நின்றவர் போய்விட்டால் பின்னால் நிற்பவரின் இடம் மாறிவிடுகிறது, பெயர் மாறுவதில்லை.

ஒரு சின்ன உதாரணத்தை முழுதாக ஓட்டிப் பார்ப்போம். 40, 50, 60 என்று மூன்று மதிப்புகள், கீகள் 0, 1, 2. 55க்குக் கீழே இருப்பதையெல்லாம் நீக்க வேண்டும். டிக்ஷனரிக்கு எழுதுகிற எவரும் இப்படித்தான் எழுதுவார்கள்: முதலில் கீகளை நகல் எடுத்து வைத்துக்கொள், ஒவ்வொரு கீக்கும் கெட் போடு, மதிப்பு கிடைத்து அது 55க்குக் கீழே இருந்தால் அந்தக் கீயை நீக்கு. டிக்ஷனரியில் 0 போகும், 1 போகும், 60 மட்டும் மிஞ்சும். அதே ஃபங்ஷனை, கீ கொடுத்து நீக்க முடிகிற ஓர் அரேயிடம் கொடுங்கள். 0இல் 40 இருக்கிறது, நீக்கியாயிற்று. உடனே 50 நகர்ந்து 0க்கு வந்துவிட்டது, 60 நகர்ந்து 1க்கு. அடுத்து கீ 1, அங்கே இருப்பது 60, அது இருக்கட்டும். அடுத்து கீ 2, அங்கே எதுவுமில்லை, கெட் சத்தமில்லாமல் டீஃபால்ட்டைக் கொடுத்துவிடுகிறது. முடிந்தது. மிஞ்சியது 50, 60. போயிருக்க வேண்டிய 50 உட்கார்ந்திருக்கிறது, எங்கேயும் எரர் வரவில்லை. சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்திருந்தால் கீ 2இல் எல்லை தாண்டியது என்று எரர் வந்து பக் அங்கேயே தெரிந்திருக்கும். நாம் வசதிக்காகக் கொடுத்த கெட்தான் அதை மூடிவிட்டது. கெட்டும் நீக்கலும் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து, தனித்தனியாக இரண்டும் ஒழுங்கானவைதான்.

சரி, இப்போது வழிகளைப் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே வகையாக்கிவிடுவது ஒரு வழி. பிஎச்பி அப்படித்தான் செய்தது, லூவாவும். பிஎச்பியில் அரே என்பதே வரிசை மாறாத ஒரு ஹாஷ் மேப், அதாவது டிக்ஷனரி. கற்றுக்கொள்ள ஒரே வகைதான் என்பது உண்மையான லாபம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வேகமும் இதில் பெரிய பிரச்சினை இல்லை, பிஎச்பி 7 முதல் 0, 1, 2 என்று ஒழுங்காகப் போகிற அரேயை உள்ளுக்குள் நெருக்கமாக அடுக்கித்தான் வைக்கிறது; லூவா 5.0உம் 2003இலேயே டேபிளுக்குள் அரேக்கு ஒரு பகுதி, ஹாஷுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டது. பிரச்சினை வேறு. பிஎச்பியில் மூன்று உறுப்புள்ள ஒரு பட்டியலில் நடு உறுப்பை வடிகட்டினால் கீகள் 0, 2 என்று அப்படியே நிற்கும், ஏனென்றால் வடிகட்டுகிற ஃபங்ஷன் கீகளைக் காப்பாற்றுகிறது. அதை ஜேசானாக மாற்றினால் சதுர அடைப்புக்குறிக்குள் வர வேண்டிய பட்டியல் சுருள் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆப்ஜெக்ட்டாக வந்து நிற்கும். மறுமுனையில் பட்டியலை எதிர்பார்த்துக் காத்திருக்கிற நிரல் உடையும். அதுவும் எப்போது என்றால், வடிகட்டியதில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே விழுந்த நாளில் மட்டும், கடைசி உறுப்பு மட்டும் விழுந்தால் அன்றைக்கும் தெரியாது. கையில் இருப்பது பட்டியல்தானா என்று கேட்பதற்கென்றே 2021இல் 8.1 பதிப்பில் ஒரு ஃபங்ஷன் சேர்த்தார்கள். லூவாவில் நடுவே ஓட்டை விழுந்த டேபிளுக்கு நீளம் கேட்டால், ஓட்டைக்கு முன்னால் உள்ள எண்ணும் வரலாம், பின்னால் உள்ளதும் வரலாம், இரண்டும் அந்த மொழியின் விதிப்படி சரி. ஜாவாஸ்கிரிப்ட்டில் அரேயின் ஓர் உறுப்பின் மேல் 'டிலீட்' போட்டால் டிக்ஷனரி மாதிரியே மற்ற கீகள் அசையாது, நீளமும் மாறாது. ஆனால் அந்த ஓட்டையை 'ஃபார்ஈச்' தாண்டிப் போகும், 'ஃபார்-ஆஃப்' லூப் அன்டிஃபைன்ட் என்று எடுத்துக் கையில் கொடுக்கும். புதிதாக எழுதுகிற லைப்ரரிக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, அரே வகை அப்படியே இருக்கட்டும், டிக்ஷனரியின் மெத்தட்களை அதன் மேல் ஏற்றிவிடலாம் என்பது. எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான், வேலையும் குறைவு மாதிரித் தெரியும். இதில் கெட்டுக்கு எனக்கு மறுப்பே இல்லை. ரஸ்ட்டில் அரேயைக் காட்டுகிற ஸ்லைஸுக்கும் கெட் உண்டு, டிக்ஷனரியான ஹாஷ்மேப்புக்கும் உண்டு, இரண்டும் ஆப்ஷன்தான் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற வகை) தரும். இல்லாததைச் சதுர அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் இரண்டுமே பேனிக் ஆகும், அதாவது நிரல் எரரோடு நின்றுவிடும். ஒன்றில் பழகியவர் மற்றதில் தடுமாற வேண்டியதில்லை. சி++இல் இந்த நிம்மதி இல்லை: சதுர அடைப்புக்குறியில் இல்லாத கீயைக் கேட்டால் அதன் டிக்ஷனரியான மேப் புதிதாக ஒரு பதிவையே உருவாக்கிவிடும், அதன் அரேயான வெக்டரில் எல்லை தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தராது.

சிக்கல், உள்ளே இருக்கிறதா என்று கேட்கிற 'இன்' ஆபரேட்டரில் ஆரம்பிக்கிறது. 10, 20, 30 உள்ள பைத்தான் லிஸ்ட்டில் 20 இருக்கிறதா என்று கேட்டால் ஆம், ஏனென்றால் லிஸ்ட் மதிப்பைப் பார்க்கிறது. டிக்ஷனரி கீயைப் பார்க்கும். ரூபியின் 'இன்க்ளூட்' மெத்தடும் அரேயில் மதிப்பை, ஹாஷில் கீயை. ஜாவாஸ்கிரிப்ட்டின் இன் அரேயிலும் கீயைத்தான் பார்க்கிறது, அதாவது 2 கேட்டால் ஆம், 20 கேட்டால் இல்லை. மதிப்பைத் தேட 2016இல் தனியாக ஒரு மெத்தட் சேர்க்க வேண்டியிருந்தது. க்ளோஜரில் 'கன்டெய்ன்ஸ்' வெக்டரின் மேலும் கீயைத்தான் சோதிக்கும், புதிதாக வருபவர்கள் ஒருவர் விடாமல் இதில் தடுக்கி விழுகிறார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதிப் பேருக்குத் தப்பாகவே படும். லூப்பும் இதே கதைதான்: அரேயில் லூப் போட்டால் மதிப்பு வரும், பைத்தான் டிக்ஷனரியில் கீ வரும், ரூபி ஹாஷிலும் ஜூலியா டிக்ஷனரியிலும் ஜோடி வரும். ஆகவே இன், லூப் இரண்டிலும் கை வைக்காதீர்கள். கீ இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பெயரிலேயே கீ என்று வருகிற தனி மெத்தட் கொடுங்கள், ரஸ்ட் அப்படித்தான் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது, இதைத் தெரியாமல் மிதித்தால் பழைய பயனர்களின் நிரல் சத்தமே இல்லாமல் மாறிவிடும். ஒரு பொருளைக் கொடுத்து டிக்ஷனரி உருவாக்கச் சொன்னால், அந்தப் பொருளில் கீஸ் என்ற மெத்தட் இருக்கிறதா என்று பைத்தான் பார்க்கிறது. இருந்தால், கீகளை வாங்கி ஒவ்வொன்றுக்கும் மதிப்பை எடுக்கும். இல்லாவிட்டால், இது ஜோடிகளின் வரிசை என்று எடுத்துக்கொள்ளும். இப்போது உங்கள் அரேயில் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன என்று வையுங்கள்: (அ, 1), (ஆ, 2). நேற்றுவரை அதிலிருந்து டிக்ஷனரி செய்தால் அ-வுக்கு 1, ஆ-வுக்கு 2 என்று வந்தது. இன்று நீங்கள் கீஸ் மெத்தடைச் சேர்த்து ஒரு சின்னப் பதிப்பு வெளியிடுகிறீர்கள். அதே வரி இப்போது 0க்கு (அ, 1), 1க்கு (ஆ, 2) என்று தருகிறது. டிக்ஷனரியின் 'அப்டேட்' மெத்தடும் இதே சோதனையைத்தான் செய்கிறது. ஒரு மெத்தடைச் சேர்த்தது மட்டும்தான் மாற்றம், எதையும் நீக்கவில்லை, இருந்தும் இது பழைய நிரலை உடைக்கிற மாற்றம். அந்த மெத்தட் வேண்டும் என்றால் வேறு பெயரில் வையுங்கள்.

எதிர்மறை இன்டெக்ஸும் இங்கே இடிக்கும். -1 போட்டால் கடைசி உறுப்பு கிடைக்கிறது, ஆனால் கீகளின் பட்டியலில் -1 இல்லை. டிக்ஷனரியில், எடுக்க முடிகிற கீ எல்லாம் பட்டியலில் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல் இதில் தடம் புரளும்.

மூன்றாவது வழி லேபிள். அரேயின் ஒவ்வோர் உறுப்புக்கும் நிலையான ஒரு பெயரைக் கட்டிவிடுவது, பைத்தானின் டேட்டா லைப்ரரியான பாண்டாஸில் உள்ள சீரீஸ் என்ற வகை மாதிரி. மேலே சொன்ன 40, 50, 60 சிக்கலை நிஜமாகவே தீர்க்கிற வழி இது, ஏனென்றால் இப்போது அடையாளம் உண்டு, உறுப்பு நகர்ந்தாலும் லேபிள் கூடவே போகும். ஆனால் ஒரே உறுப்பைச் சுட்ட இப்போது இரண்டு வழிகள், இடமும் லேபிளும், லேபிளே எண்ணாக இருந்தால் 0 என்பது எது? பாண்டாஸ் இதற்குப் பட்ட பாடு நீளமானது. 2013இல் 0.11 பதிப்பில் லேபிளுக்கு 'லாக்', இடத்துக்கு 'ஐலாக்' என்று பிரித்தார்கள். இரண்டையும் கலந்து புரிந்துகொள்ள முயன்ற 'ஐஎக்ஸ்' 2017இல் வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டு, 2020இல் 1.0 பதிப்பில்தான் ஒழிந்தது. எண் அல்லாத லேபிள்கள் இருக்கும்போது வெறும் சதுர அடைப்புக்குறியில் எண் போட்டால் இடம் என்று எடுத்துக்கொள்கிற பழக்கத்தை 2023இல் 2.1 பதிப்பில்தான் கைவிடச் சொன்னார்கள். கலந்ததைப் பிரிக்கப் பத்து வருடம். போதாததற்கு, சீரீஸில் லூப் போட்டால் மதிப்பு வரும், இன் கேட்டால் லேபிளைப் பார்க்கும், அதனால் லூப் இப்போதுதான் கையில் கொடுத்த ஒரு மதிப்பை அதே சீரீஸில் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று பதில் வரலாம். தேதி, சென்சார் பெயர் என்று டேட்டாவிலேயே லேபிள் இருந்தால் இந்த வழி தகும். கெட் கேட்டார்கள் என்பதற்காக லேபிள் கொண்டுவருவது அதிகப்படி. கொண்டுவருவதானால் ஸ்விஃப்ட்டின் கலெக்ஷன்ஸ் தொகுப்பில் 2021இல் வந்த வரிசை டிக்ஷனரியைப் பாருங்கள்: சதுர அடைப்புக்குறி கீக்கு மட்டும், இடத்தை வைத்து எடுக்க 'எலிமென்ட்ஸ்' என்ற வியூ (அதே டேட்டாவை நகல் எடுக்காமல் வேறு முகத்தோடு காட்டுவது) வழியாகத்தான் போக வேண்டும், கீ எண்ணாக இருந்தாலும் குழப்பமே வராது.

எனக்கு மிகவும் பிடித்தது வியூதான். அரேயில் ஒரு மெத்தட் மட்டும் சேர்க்கிறீர்கள், அது அரேயைச் சுட்டிக்கொண்டிருக்கிற ஒரு மெல்லிய டிக்ஷனரி முகத்தைத் திருப்பித் தருகிறது. அந்த முகத்தில் லூப், இன், கெட் எல்லாம் டிக்ஷனரியின் விதிப்படி நடக்கும். அரே தன் விதிப்படி அப்படியே இருக்கும். ஜூலியாவில் அரேயின் மேல் 'பேர்ஸ்' கூப்பிட்டால் கிடைப்பது கிட்டத்தட்ட இதுதான். டேட்டா நகல் ஆவதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையின் அரேயில் ஓர் எண் 8 பைட், பத்து லட்சம் எண்களுக்கு 8 மெகாபைட். அதையே உண்மையான பைத்தான் டிக்ஷனரியாக மாற்றினால் ஒரு பதிவுக்கு ஹாஷ், கீயின் முகவரி, மதிப்பின் முகவரி என்று 24 பைட், மதிப்பான ஃப்ளோட் பொருளுக்குத் தனியாக இன்னொரு 24, கீயான எண்ணுக்கு அதற்கும் மேல்.

பைத்தானில் இதை எழுதுவதும் சுலபம். ஸ்டாண்டர்டு லைப்ரரியில் இருக்கிற 'மேப்பிங்' என்ற அடிப்படை வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டால், கீ கொடுத்து மதிப்பு எடுப்பது, லூப், நீளம் என்று மூன்றை மட்டும் நீங்கள் எழுதினால் போதும், கெட், கீஸ், ஐட்டம்ஸ், இன், சமமா என்ற சோதனை எல்லாம் இலவசமாக வரும். மாற்றவும் நீக்கவும் கூடிய 'மியூட்டபிள் மேப்பிங்'கைத் தொடாதீர்கள், அது நீக்குகிற மெத்தடை எழுதச் சொல்லிக் கேட்கும். ஒரே ஓர் இடத்தில் கவனம் தேவை: இல்லாத இன்டெக்ஸ் வந்தால் அரேயின் இன்டெக்ஸ்எரரை அப்படியே வெளியே விடாமல் கீஎரராக மாற்றி எறிய வேண்டும். இலவசமாக வந்த அந்த கெட் கீஎரரை மட்டும்தான் பிடிக்கும்; மாற்ற மறந்தால், டீஃபால்ட் கொடுத்துக் கூப்பிட்ட கெட்டே எரர் எறியும். எதிர்மறை எண் வந்தாலும் கீஎரர்தான், அரேயில் அது செல்லுபடியானாலும் சரி.

வியூவுக்கும் குறை உண்டு. வியூ கையில் இருக்கும்போதே வேறு யாராவது அரேயைச் சுருக்கிவிட்டால், ரஸ்ட் அதைக் கம்பைல் ஆகவே விடாது, மற்ற மொழிகளில் ஆவணத்தில் எச்சரிக்கை எழுதுவதைத் தவிர வழி குறைவு. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போவதும் நடக்கும்.

கடைசி வழி, அரேயும் டிக்ஷனரியும் இரண்டும் நிறைவேற்றுகிற குறுகிய ஒரு பொது இன்டர்ஃபேஸ், அதாவது இந்தந்த மெத்தட்கள் இருக்கும் என்கிற ஒப்பந்தம். ஹாஸ்கலின் லென்ஸ் லைப்ரரி இதைப் பிரித்த விதம் எனக்கு ஒரு வெளிச்சம் மாதிரி இருந்தது. அங்கே 'ஐஎக்ஸ்' என்று ஒன்று, இருப்பதைப் பார்க்கவும் இருப்பதை மாற்றவும் மட்டும், அது பட்டியலுக்கும் உண்டு மேப்புக்கும் உண்டு. 'அட்' என்று இன்னொன்று, சேர்க்கவும் நீக்கவும் கூட முடியும், அது மேப்புக்கு உண்டு, பட்டியலுக்குக் கிடையாது. கோடு கிழிக்க வேண்டிய இடத்தில் துல்லியமாகக் கிழித்திருக்கிறார்கள். க்ளோஜரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது: வெக்டரின் மேல் 'அசோக்' வேலை செய்யும், ஆனால் இருக்கிற இன்டெக்ஸிலும் கடைசிக்கு அடுத்த இடத்திலும் மட்டும், 'டிஸ்அசோக்' வெக்டருக்கு இல்லை. ஜாவா 1998இல் 1.2 பதிப்பில் கலெக்ஷன்ஸைக் கொண்டுவந்தபோது மேப்பைக் கலெக்ஷனாகவே சேர்க்கவில்லை, அதனால் லிஸ்ட்டுக்கும் மேப்புக்கும் பொதுவாக ஓர் ஃபங்ஷன் எழுத இன்றும் கஷ்டம். கெட் என்ற பெயர் இரண்டிலும் இருக்கிறது, இல்லாததைக் கேட்டால் ஒன்று எக்செப்ஷன் எறியும், மற்றது நல் தரும்.

இதையே தலைகீழாகவும் யோசிக்கலாம். ஜூலியாவில் டிக்ஷனரீஸ் என்ற பேக்கேஜ், டிக்ஷனரியை அரே மாதிரி ஆக்குகிறது: லூப் போட்டால் மதிப்பு வரும், சதுர அடைப்புக்குறியில் எழுதினால் இருக்கிற கீயின் மதிப்பு மட்டும் மாறும், புதிய கீ சேர்க்க 'இன்செர்ட்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படியானால் 'மேப்', 'ஃபில்டர்' எல்லாம் இரண்டிலும் ஒரே அர்த்தத்தில் ஓடும். இரண்டு வகைகளையும் நீங்களே எழுதுகிற லைப்ரரி என்றால் இந்தப் பக்கம் ஒரு முறை பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

என் தேர்வு இது. ஏற்கெனவே பயனர்கள் இருக்கிற லைப்ரரி என்றால் அரேயில் கெட் மட்டும் சேர்த்து, மற்றதையெல்லாம் வியூவுக்குத் தள்ளுங்கள். புதிதாக எழுதுகிறீர்கள், மொழியில் இன்டர்ஃபேஸ் எழுத டிரெய்ட்டோ புரோட்டோகாலோ இருக்கிறது என்றால், பார்ப்பதும் மாற்றுவதும் மட்டும் கொண்ட குறுகிய இன்டர்ஃபேஸ். நீக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, நிபந்தனையைக் கொடுத்தால் மொத்தமாக வடிகட்டிப் புதிய அரே தருகிற ஃபங்ஷனைக் கொடுங்கள். அவர்களுக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் அதுதான், கீயைப் பிடித்துக்கொண்டு நீக்கவே வேண்டும் என்று அடம் பிடிக்கிற இடத்தில் அவர்களுக்குத் தேவை நிஜமான டிக்ஷனரி.

எந்த வழியை எடுத்தாலும் டெஸ்ட்டை முதலில் எழுதிவிடுங்கள், அரேக்கும் டிக்ஷனரிக்கும் அதே டெஸ்ட் ஓட வேண்டும். கீகளின் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கெட் தருவதும் சதுர அடைப்புக்குறி தருவதும் ஒன்றாக இருக்க வேண்டும், பட்டியலில் இல்லாத எதைக் கேட்டாலும் டீஃபால்ட் வர வேண்டும், -1 உட்பட. ஒரு மதிப்பை மாற்றிய பிறகு கீகள் மாறியிருக்கக் கூடாது. கீகளின் எண்ணிக்கையும் நீளமும் சமமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி டெஸ்ட் இரு பரிமாண அரேயில் உடனே மாட்டும்: நம்பையில் நீளம் என்பது வரிசைகளின் எண்ணிக்கை, லூப் போட்டாலும் வரிசைகள்தான் வரும், ஜூலியாவிலோ மேட்ரிக்ஸின் கீ என்பது வரிசை, நெடுவரிசை இரண்டும் சேர்ந்த ஒரு ஜோடி, 2018இல் வந்த 1.0 முதல் 'ஃபைன்ட்ஃபர்ஸ்ட்' அதைத்தான் திருப்பித் தருகிறது. இரண்டில் எது உங்கள் கீ என்பதை அந்த டெஸ்ட் உடைகிற அன்றைக்கே முடிவு செய்து, கெட், கீஸ், ஜோடிகள் மூன்றையும் அதற்கே கட்டிப்போடுங்கள்.